பிடிக்க வேண்டாம், தட்டினால் போதும்

ஷிஃப்ட்டை ஒரு விரலால் அழுத்திப் பிடித்தபடி இன்னொரு விரலால் எழுத்தைத் தட்டுவது 1878-இல் வந்த ரெமிங்டன் 2 தட்டச்சுப் பொறி காலத்துப் பழக்கம். பொறி மேசைமேல் இருந்ததால் பத்து விரல்களும் தட்டுவதற்குக் கிடைத்தன. கையில் ஏந்தித் தட்டும் கணினியில் அந்த வசதி இல்லை. எட்டு விரல்கள் கருவியைத் தாங்கவே சரியாக இருக்கும். மிஞ்சுவது இரண்டு கட்டைவிரல்கள். இடது ஓரத்து ஷிஃப்ட்டை இடது கட்டைவிரல் பிடித்திருந்தால், அதன் பக்கத்திலேயே இருக்கும் 'ஏ'யைத் தட்ட வலது கட்டைவிரல் பலகையின் குறுக்கே வர வேண்டும். அப்போது பிடி தளர்கிறது. எனவே கைக்கணினியில் ஷிஃப்ட், ஆல்ட் போன்ற துணை விசைகளைத் தட்டிவிட்டு விரலை எடுத்தாலே, அடுத்து அழுத்தும் ஒரு விசைக்கு மட்டும் அவை செல்லுபடியாக வேண்டும். 2009-இல் வந்த நோக்கியா என்900 இதை அழகாகச் செய்தது. மொத்தமே மூன்று வரிசை விசைகள்; எண்களுக்குத் தனி வரிசை கிடையாது. நீல அம்புக்குறி போட்ட விசையை ஒருமுறை தட்டினால் அடுத்தது மட்டும் எண்ணாக விழும். அடுத்தடுத்து இருமுறை தட்டினால் பூட்டிக்கொள்ளும், தொலைபேசி எண்ணை முழுதாக அடித்துவிடலாம்.

இதற்கு வலுவான மறுப்பு இடைமுக வடிவமைப்பாளர் ஜெஃப் ராஸ்கினுடையது. விரல் அழுத்திக்கொண்டிருக்கும்வரை விசை இயங்குவது உடம்புக்கே தெரியும், பூட்டிவிட்ட விசை மறந்துபோகும் என்று 2000-இல் வந்த தம் நூலில் அவர் வாதிட்டார். கேப்ஸ் லாக்கைப் பொறுத்தவரை அது முழு உண்மை. ஆனால் ஒரே எழுத்தோடு தானாக விலகிக்கொள்ளும் விசையில், மறந்தாலும் கெடுவது ஓர் எழுத்துதான். மறதிக்கு மருந்து, விசையின் நிலையைக் கண்ணில் படும்படி காட்டுவது. ஐஃபோனின் ஐஓஎஸ் 7-இல் ஷிஃப்ட் போட்டிருக்கிறதா இல்லையா என்பது நிறத்தைப் பார்த்துப் பலருக்குப் புரியவில்லை. 2015-இல் வந்த ஐஓஎஸ் 9-இல் விசைகளின் மேலுள்ள எழுத்துகளே சிறிதும் பெரிதுமாக மாறின, குழப்பம் தீர்ந்தது. பழைய பழக்கக்காரர்கள் வேகம் குறையும் என்பார்கள். அவர்களுக்கும் வழி உண்டு: ஷிஃப்ட்டைப் பிடித்திருக்கும்போதே எழுத்து விழுந்தால் வழக்கமான ஷிஃப்ட், தனியாகத் தட்டி விட்டால் அடுத்த விசைக்குக் காத்திருக்கும். ஒரே விசையில் இரண்டும் அடங்கும்.

தமிழில் தட்டுவோருக்கு இது இன்னும் முக்கியம். தமிழ்99 விசைப்பலகை அமைப்பில் ஷிஃப்ட் பெரும்பாலும் கிரந்த எழுத்துகளுக்கே தேவை. இன்ஸ்கிரிப்ட் அமைப்பிலோ அ, இ, எ போன்ற உயிரெழுத்துகள் ஷிஃப்ட்டோடுதான் வரும். 'அம்மா' என்ற சொல்லின் முதல் எழுத்துக்கே அது வேண்டும்.

விண்டோஸில் 'ஸ்டிக்கி கீஸ்' என்ற பெயரில் இந்த வசதி 1995 முதலே இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கானது என்று மற்றவர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். இரண்டே விரல்களால் தட்டும் எவருக்கும் அது பொருந்தும். ஜிபிடி வின் போன்ற கைக்கணினி வைத்திருப்பவர்கள் ஷிஃப்ட்டை ஐந்து முறை தட்டி, திரை கேட்கும் கேள்விக்கு 'ஆம்' சொல்லுங்கள். இரு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் வசதி அணைந்துவிடும் என்றொரு தேர்வு அமைப்புகளில் இருக்கும். அதையும் மறக்காமல் நீக்கிவிடுங்கள்.