கோவேறு கழுதை நடந்த பாதையில் மிதிவண்டிப் பயணம்

பொழுது புலருமுன் பால் வாளியைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு, செம்மண் சடக்கில் மிதிவண்டியை மிதித்து நிரைக்குச் செல்வது நம் தோட்டங்களில் தலைமுறைகள் பல கண்ட காட்சியாகும். சரளைக் கல்லின் மேல் சக்கரம் எவ்வாறு ஓடும், மழை பெய்தால் எந்த இடத்தில் வழுக்கும் என்பதையெல்லாம் தோட்டத்தில் பிறந்தவருக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அதே சரளைப் பாதையைத் தேடிச் சென்று, விடுமுறை நாள்களில் மிதிவண்டி ஓட்டி மகிழும் வழக்கம் கடந்த பதினைந்து ஆண்டுகளில் பல நாடுகளிலும் பரவியுள்ளது. அதற்கெனத் தனி மிதிவண்டிகளும் செய்யப்படுகின்றன. அத்தகைய பாதைகளுள் புகழ்பெற்ற ஒன்றைப் பற்றி இங்குக் காண்போம். அது உருவான வரலாறு, உழைக்கும் மக்களாகிய நாம் அறிந்து கொள்ளத் தக்கதாகும்.

பொட்டோமாக் பள்ளத்தாக்கு

அமெரிக்காவின் தலைநகரான வாஷிங்டன், பொட்டோமாக் என்னும் ஆற்றின் கரையில் அமைந்துள்ளது. அந்த ஆற்றின் போக்கிலேயே மேல்நோக்கிச் சென்றால், மேரிலாந்து மாநிலத்தின் மலைப் பகுதியிலுள்ள கம்பர்லாந்து நகரை அடையலாம். இவ்விரண்டுக்கும் இடையே 297 கிலோமீட்டர் நீளத்திற்கு ஒரு பாதை உண்டு. ஒரு புறம் ஆறு. மறு புறம் பழைய கால்வாய். இரண்டையும் மூடி நிற்கும் மரங்கள். இப்பாதையில் மோட்டார் வண்டிகளுக்கு இடமில்லை. நடப்பவரும் மிதிவண்டி ஓட்டுபவரும் இதில் செல்கின்றனர். இரவு தங்குவதற்கு வழியெங்கும் கூடார இடங்கள் அமைக்கப்பட்டுள்ளன.

மலைநாட்டை நோக்கிச் செல்லும் பாதையாயினும், இதில் ஏற்றம் மிகக் குறைவு. 297 கிலோமீட்டருக்கும் சேர்த்து ஏறக்குறைய 184 மீட்டர் உயரமே ஏற வேண்டும். அதாவது ஒரு கிலோமீட்டருக்கு இரண்டடி அளவே ஆகும். முதியவரும் சிறுவரும் மூச்சு வாங்காமல் செல்வதற்கு இதுவே காரணம். இவ்வளவு சமமான பாதை இயற்கையில் தானே அமைந்ததன்று. மனிதக் கரங்கள் வெட்டி அமைத்தது.

கால்வாயும் கூலிகளும்

மலையிலுள்ள பொருள்களைப் படகில் ஏற்றிக் கடற்கரைப் பக்கம் கொண்டுவர எண்ணி, 1828ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் செசபீக் ஒஹாயோ கால்வாயின் வேலை தொடங்கப்பட்டது. ஆற்றில் பாறைகளும் நீர்வீழ்ச்சிகளும் இருந்தமையால் அதன் ஓரமாகவே தனிக் கால்வாய் வெட்டினர். நிலம் உயரும் இடங்களில் படகுகளை ஏற்றி இறக்குவதற்கு 74 நீரடைப்புகளைக் கட்டினர். படகு உள்ளே நுழைந்ததும் கதவுகளை மூடி நீரை நிரப்பினால், அது ஏறக்குறைய எட்டடி உயர்ந்து அடுத்த மட்டத்திற்குச் செல்லும். படகை இழுத்தவை கோவேறு கழுதைகள். அவை நடப்பதற்காகக் கால்வாயின் கரையில் போடப்பட்ட வழிதான் இன்றைய மிதிவண்டிப் பாதை.

இக்கால்வாயை வெட்டியவருள் பலர் அயர்லாந்து நாட்டிலிருந்து வந்த ஏழைத் தொழிலாளர்கள். சிலர் கப்பற் செலவுக்குக் கடன்பட்டு, ஒப்பந்தத்தால் கட்டுண்டு வந்தவர்கள். நம் முன்னோர் கடல் கடந்து வந்த கதையை அறிந்த நமக்கு இஃது அந்நியமான செய்தியன்று. 1832ஆம் ஆண்டில் வாந்திபேதி நோய் கூலிக் குடிசைகளில் புகுந்து பலரைக் கொன்றது. 1834ஆம் ஆண்டில் தொழிலாளர்களிடையே மூண்ட கலகத்தை அடக்க, அதிபர் ஜாக்சன் படைகளை அனுப்பினார்.

பாவ்பாவ் என்னுமிடத்தில் மலையைக் குடைந்து 950 மீட்டர் நீளச் சுரங்கவழி அமைக்க வேண்டியிருந்தது. இரண்டு ஆண்டுகளில் முடியும் என்று 1836இல் தொடங்கிய வேலை, இடையில் நின்று நின்று, 1850இல்தான் முடிந்தது. இன்று அவ்விடத்தை அடைவோர் மிதிவண்டியினின்று இறங்கி, விளக்கேற்றிக் கொண்டு, வண்டியைத் தள்ளியவாறே இருளைக் கடக்கின்றனர். அவ்வாறு நடக்கையில், சுவரிலுள்ள ஒவ்வொரு செங்கல்லையும் ஒரு கை வைத்தது என்னும் நினைவு வாராமற் போகாது.

அழிவும் மீட்சியும்

கால்வாய் தொடங்கிய அதே நாளில் பால்டிமோர் நகரில் இருப்புப் பாதை ஒன்றின் வேலையும் தொடங்கியது. எட்டு ஆண்டுகள் முன்னதாகவே, 1842இல், இரயில் கம்பர்லாந்தை அடைந்துவிட்டது. கால்வாய் பெரும்பாலும் நிலக்கரியைச் சுமந்து பிழைத்தது. 1889ஆம் ஆண்டு வெள்ளம் அதனைக் கடனில் ஆழ்த்தியது. 1924ஆம் ஆண்டு வெள்ளத்தோடு படகுப் போக்குவரத்து நின்றது. 1938இல் அரசாங்கம் அதனை 20 இலட்சம் டாலருக்கு வாங்கியது.

பின்னர், அந்த நிலத்தின்மேல் மோட்டார்ச் சாலை போடலாம் என்னும் திட்டம் எழுந்தது. 1954ஆம் ஆண்டு சனவரியில் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழும் அதனை ஆதரித்துத் தலையங்கம் எழுதியது. உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் அதனை மறுத்தார். எழுதியவர் தம்முடன் அப்பாதை முழுவதும் நடந்து பார்க்கட்டும் என்று அழைத்தார். அவ்வாண்டு மார்ச்சு மாதம் கம்பர்லாந்திலிருந்து நடை தொடங்கியது. எட்டு நாள்கள் நடந்தனர். முழுத் தூரத்தையும் கடந்தவர் டக்ளஸ் உட்பட ஒன்பதின்மரே. ஆயினும் அந்நடை மக்கள் மனத்தை மாற்றியது. நாளிதழும் தன் கருத்தைத் திருத்திக் கொண்டது. 1971இல் கால்வாய் முழுவதும் தேசிய வரலாற்றுப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

கம்பர்லாந்திற்கு அப்பாலும் வழி உண்டு. கைவிடப்பட்ட இருப்புப் பாதைகளின் மேல் 240 கிலோமீட்டர் சரளைப் பாதை அமைக்கப்பட்டு, 2013இல் பிட்ஸ்பர்க் நகரம்வரை முழுமை பெற்றது. அதுவும் பெரும்பகுதி காடடர்ந்த ஆற்றுப் பள்ளத்தாக்குகளின் வழியே செல்கிறது. கைவிடப்பட்ட கால்வாய், கைவிடப்பட்ட இருப்புப் பாதை ஆகிய இரண்டின் தடங்களையும் மிதிவண்டி இணைத்தது.

பாதையைக் காப்பது எப்படி?

சரளைப் பாதை என்றால் கல்லைக் கொட்டிப் பரப்புவது மட்டுமன்று. ஆற்றிலுள்ள உருண்டைக் கூழாங்கல் சக்கரத்தின் கீழ் உருண்டோடும். உடைத்த கல்லுக்கு விளிம்புகள் இருப்பதால் ஒன்றோடொன்று கோத்து நிற்கும். அத்துடன் கல்தூளையும் கலந்து, நனைத்து, உருளையால் அழுத்தினால் தரை இறுகிவிடும்.

பாதைக்குப் பெரும்பகை தேங்கும் நீரே. எனவே நடுப்பகுதியைச் சற்று உயர்த்தி, நீர் இரு புறமும் வடியச் செய்ய வேண்டும். ஓரத்துக் கானும் மதகும் இலை அடைக்காதவாறு இருத்தல் வேண்டும். ஒரு சிறு குழியில் நீர் தேங்கினால், அதில் விழும் ஒவ்வொரு சக்கரமும் குழியை ஆழமாக்கும். இந்தக் காரணங்கள் பொட்டோமாக் கரைக்கும் நம் தோட்டத்துச் சடக்குக்கும் ஒன்றே.

ஓட்டும் முறை

வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும். வளைவின் நடுவில் முன் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் சறுக்கும். கைப்பிடியை இறுகப் பற்றாமல் இயல்பாகப் பிடிப்பது நன்று. டயரில் காற்று மிக இறுக்கமாக இருப்பின் வண்டி துள்ளும். மிகக் குறைந்தால் கல் குத்தி டியூப் கிழியும். சரளைப் பாதைக்கென இக்காலத்தில் விற்கும் மிதிவண்டிகளின் டயர் பெரும்பாலும் 35 முதல் 45 மில்லிமீட்டர் வரை அகலமுடையது. நம் பாட்டன்மார் ஓட்டிய 28 அங்குலச் சக்கர வண்டியின் ஒன்றரை அங்குல டயரும் ஏறக்குறைய அதே அளவுதான்! புதுமை என்று போற்றப்படுவதைத் தோட்டம் முன்பே அறிந்திருந்தது எனலாம்.

பயன் தீர்ந்தது என்று கைவிடப்பட்ட வழியையும், அதன் மதிப்பை உணர்ந்தவர் சிலர் இருந்தால் காக்க முடியும் என்பதற்குப் பொட்டோமாக் பாதை சான்றாகும். நம் ஊர்ப்புறங்களிலும் ஆற்றோரமாகச் செல்லும் பழைய வழிகள் இல்லாமலில்லை. விடுமுறை நாளில் பிள்ளைகளை அவ்வழியே அழைத்துச் செல்வோம். அதை வெட்டியவர் யார், அதில் நடந்தவர் யார் என்பதையும் சொல்லி வைப்போம். வழியை அறிந்த பிள்ளைகளே நாளை அதனைக் காப்பார்கள்.