மோட்டார் சைக்கிளுக்குக் கார் எண்ணெய் ஏற்றதா?

காருக்கு வாங்கி மிஞ்சிய எண்ணெயை மோட்டார் சைக்கிளில் ஊற்றிச் சில ரிங்கிட்டை மிச்சம் பிடிப்பவர்கள் உண்டு. அந்த மிச்சம் பிறகு கிளட்ச் தகடு மாற்றவே போதாது.

காரில் இயந்திரத்துக்கு ஓர் எண்ணெய், கியருக்கு வேறு எண்ணெய். பெரும்பாலான கப்சாய்களிலோ இயந்திரம், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே எண்ணெயில்தான் ஊறுகின்றன. கிளட்ச் தகடுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றினால்தான் சக்கரத்துக்கு விசை போய்ச் சேரும். எரிபொருளைச் சிக்கனப்படுத்த, பல கார் எண்ணெய்களில் உராய்வைக் குறைக்கும் இரசாயனம் சேர்க்கப்படுகிறது. காருக்கு நல்லதான அதுவே இங்கே தகடுகளை வழுக்க வைத்துவிடும். லோரியை முந்தும் நேரத்தில் இயந்திரம் அலறும், வண்டி வேகமெடுக்காது. உயிருக்கே ஆபத்தான கணம் அது.

எனவே, புட்டியில் 'ஜாசோ எம்ஏ' அல்லது 'எம்ஏ2' என்ற குறியீடு உள்ளதா என்று பார்க்க வேண்டும். 'எம்பி' என்பது ஸ்கூட்டருக்கு; அதன் கிளட்ச் எண்ணெயில் நனைவதில்லை. '10டபிள்யூ-40' என்பதில் முதல் எண் குளிரில் எண்ணெய் ஓடும் தன்மையைச் சொல்கிறது. மலேசிய வெயிலுக்கு இரண்டாவது எண்ணே முக்கியம். அதைக் கையேட்டில் உள்ளபடி தேர்ந்தெடுக்கலாம்.

கருத்துவிட்டது என்பதற்காக மட்டும் எண்ணெய் கெட்டுவிட்டதாகாது. கையேடு கூறும் கிலோமீட்டர் கணக்கே சரி. ஆனால் சிறிய கப்சாய்கள் பலவற்றில் ஒரு லிட்டர் எண்ணெய்கூட இராது. கொஞ்சம் குறைந்தாலும் பாதிப்பு பெரிது. ஆகவே இடையிடையே வண்டியை நேராக நிறுத்தி அளவைச் சோதிப்பது நல்லது. வடித்த பழைய எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாமல் பட்டறையிலேயே ஒப்படைக்க வேண்டும்.