விதை உருளைக்கிழங்கின் வயதும் பயிரின் வளர்ச்சியும்

புதுச்சேரிப் பட்டணத்துக் கடைவீதியில் மே மாதம் வாங்கிய உருளைக்கிழங்கைச் சமையலறை மூலையில் சில வாரங்கள் விட்டுவைத்தால், தோல் சுருங்கி, வெளிறிய முளைகள் நீண்டுவிடும். அதே நாளில் தோண்டி உதகமண்டலத்திலேயே வைத்த கிழங்கோ கெட்டியாக இருக்கும். பிறந்த நாள் ஒன்றாயினும் இரண்டிற்கும் வயது ஒன்றன்று. கிழங்கின் வயதை நாட்கள் மட்டும் நிர்ணயிப்பதில்லை; அது பட்ட உஷ்ணமும் சேர்ந்தே நிர்ணயிக்கிறது.

இரவு உஷ்ணம் 20 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்டால் இப்பயிர் கிழங்கு வைப்பது குன்றும். மார்கழியிலும் புதுவையில் இரவுகள் தொடர்ந்து அவ்வளவு குளிர்வது அரிதாதலால், அங்கே இது கறிக்குரிய பண்டமே. நீலகிரிக் குடியானவருக்கோ ஏக்கருக்கு ஏறத்தாழ ஒரு டன் விதை வேண்டும். சாகுபடிச் செலவில் பெரும்பங்கு இதுவே. கடன் வாங்கி விதை போடுவோரும் உளர். வயது தவறிய விதையால் மகசூல் குறைந்தாலும் தவணை குறையாது.

தோண்டிய கிழங்கு முதலில் உறங்கும். இவ்வுறக்கம் ஜாதிக்கேற்ப ஏறத்தாழ இரண்டு மூன்று மாதம் நீடிக்கும். அப்பொழுது நட்டால் முளைப்பு தாமதமாகும். வயலில் இடைவெளி விழும். உறக்கம் தெளிந்ததும் நுனிக்கண் மட்டும் முளைத்து மற்றக் கண்களை அடக்கிவைக்கும். இவ்விளம் விதையில் தண்டுகள் சிலவே. கிழங்குகள் எண்ணிக்கையில் குறைந்து பருமனில் மிகும். பயிரும் நெடுநாள் நிற்கும். பின்னர்ப் பல கண்களும் முளைக்கும். நடுவதற்கு இதுவே சிறந்த பருவம். நுனிமுளையைக் கிள்ளிவிட்டால் இப்பருவம் விரைந்து வரும். இன்னும் முதிர்ந்த விதை சீக்கிரம் முளைத்து, சீக்கிரம் கிழங்கு வைத்து, சீக்கிரமே வாடிவிடும். கிழங்குகள் பலவாயினும் சிறியன. நூல்போல் முளைவிடும் கிழ விதையோ சில சமயம் செடியே இன்றி மண்ணுக்குள் குட்டிக்கிழங்குகளை ஈன்று ஓய்ந்துவிடும்.

முந்திச் சந்தைக்கு அனுப்ப விரும்புவோருக்குச் சற்று முதிர்ந்த விதை அனுகூலம் என்பதையும் மறத்தலாகாது. முதுமை எப்போதும் குறையன்று.

நீலகிரியில் மார்ச்-ஏப்ரல், ஆகஸ்டு-செப்டம்பர், ஜனவரி-பிப்ரவரி என மூன்று நடவுகள் உண்டு. மார்ச்சில் நட்டு ஜூலை, ஆகஸ்டில் தோண்டியதையே அடுத்த நடவுக்கு எடுப்பவர் உறங்கும் விதையை நடுகிறார். ஜனவரி நடவில் விளைந்து மே, ஜூனில் தோண்டியதை எடுத்துவைத்தால் செப்டம்பருக்குள் அது தெளிந்திருக்கும்.

சேமிப்பில் 2 முதல் 4 டிகிரி குளிரறை வயதை ஏறக்குறைய நிறுத்திவைக்கும். வெளியே எடுத்ததும் நடாமல், இரு வாரமேனும் முளைக்கவிடவேண்டும். குளிரறை இல்லாவிடில் வெயில் நேரே படாத, வெளிச்சமும் காற்றும் உள்ள கொட்டகையில் தட்டுகளில் மெல்லியதாகப் பரப்பலாம். பெரு நாட்டின் லிமா நகரில் 1971-இல் அமைந்த பன்னாட்டு உருளைக்கிழங்கு மையமும் இம்முறையைப் பல நாடுகளில் பரப்பியது. இருட்டில் வளரும் முளை நீண்டு, தொட்டால் ஒடியும்; வெளிச்சத்தில் வருவது குட்டையாகவும் உறுதியாகவும் இருக்கும்.

நீலகிரிக் கூட்டுறவு விற்பனைச் சங்கம் 1935-இல் தோன்றியது முதல் மலையில் விளைச்சலைச் சேர்ந்து விற்கும் வழக்கம் உண்டு. விதையையும் சேர்ந்து வாங்குகிற அங்கத்தினர்கள் விலையோடு, எந்நாளில் தோண்டியது, எங்கே வைத்திருந்தது, சமவெளி வெயிலில் எத்தனை நாள் கிடந்தது என மூன்றையும் கேட்டு, மூட்டைக் கணக்கின் பக்கத்திலேயே பதிவு செய்துகொள்ளலாம்.