மாறும் குறிகளும் மாறாத விடையும்: அஞ்சல் மென்பொருளைச் சோதிக்கும் முறை

கணக்காசிரியர் ஒருவர் நாற்பது மாணவர்களின் ஏடுகளைத் திருத்துகின்றார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் ஏட்டின் தலைப்பிலும் பெயர் வேறு. எழுதிய நாள் வேறு. மையின் நிறமும் வேறாக இருக்கக்கூடும். ஆயினும், கணக்கின் விடை ஒன்றாகவே இருத்தல் வேண்டும். ஆசிரியர் தம்மிடமுள்ள விடைத்தாளோடு ஒப்பிடும்போது பெயரையும் நாளையும் மையையும் பொருட்படுத்துவதில்லை. விடையை மட்டுமே நோக்குகின்றார். இவ்வாறு வேண்டியதைக் கொண்டு வேண்டாததை விடுதல் மனிதர்க்கு இயல்பாக வருவது. ஆனால், இதே பணியைக் கணினியிடம் ஒப்படைத்தால் என்ன நேரும்? அது எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்கும். விடைத்தாளில் திங்கட்கிழமை என்றும் ஏட்டில் செவ்வாய்க்கிழமை என்றும் கண்டால், கணக்குச் சரியாயிருந்தும் "தவறு" என்று கூறிவிடும்.

மென்பொருள்களைத் தாமாகவே சோதிக்கும் முறைகளில் எழும் பெருஞ்சிக்கல் இதுவே. மின்னஞ்சலைக் கொண்டுசெல்லும் மென்பொருள்களில் இச்சிக்கல் மேலும் கடுமையானது. அஃது ஏன் என்பதையும், அதனை நீக்கும் வழி யாது என்பதையும் ஈண்டுக் காண்போம்.

அஞ்சல் வழங்கியின் பொறுப்பு

ஒருவர் தம் கணினியிலிருந்து மின்னஞ்சல் அனுப்பும்போது, அது நேரே பெறுநரின் கைக்குப் போய்விடுவதில்லை. இடையில் அஞ்சல் வழங்கி எனப்படும் மென்பொருள்கள் அதனை வாங்கி, ஒன்றிடமிருந்து மற்றொன்றுக்குக் கைமாற்றுகின்றன. அவை தம்முள் உரையாடும் முறையினை ஜான் போஸ்டல் என்னும் அமெரிக்க அறிஞர் 1982ஆம் ஆண்டில் ஒழுங்குபடுத்தி வெளியிட்டார். அதன்பின் திருத்தங்கள் பல செய்யப்பட்டனவாயினும், அடிப்படை மாறவில்லை. அம்முறைப்படி வழங்கி ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் மூன்று இலக்க எண்ணால் விடை கூறும். 354 என்றால் "கடிதத்தைச் சொல்லலாம்" என்று பொருள்; 250 என்றால் "ஏற்றுக்கொண்டேன்" என்று பொருள்; 550 என்றால் "இயலாது" என்று பொருள்.

இவற்றுள் கடிதம் முடிந்த பின் கூறப்படும் 250 என்னும் விடை மிகப் பெரும் பொறுப்புடையது. அதைக் கூறிய கணத்திலிருந்து அக்கடிதத்திற்கு வழங்கியே பொறுப்பாளி. ஒன்று, அதனை உரியவரிடம் சேர்த்தல் வேண்டும். அன்றேல், சேர்க்க இயலவில்லை என்று அனுப்பியவர்க்கு அறிவித்தல் வேண்டும். இரண்டும் செய்யாமல் கடிதத்தைத் தொலைத்துவிடுதல் வழங்கி செய்யக்கூடிய தவறுகளிலெல்லாம் கொடியது. ஏனெனில், அனுப்பியவர் போய்ச் சேர்ந்தது என்று எண்ணியிருப்பார். பெறவேண்டியவரோ அப்படியொரு கடிதம் உண்டென்றே அறியார். வேலைக்கான அழைப்பும், மருத்துவமனையின் செய்தியும், நீதிமன்ற அறிவிப்பும் மின்னஞ்சலில் செல்லும் இக்காலத்தில் இத்தவற்றின் விளைவைச் சொல்லவேண்டுவதில்லை. ஆகவே, மென்பொருளில் ஒரு வரியைத் திருத்தினாலும், பழைய செயல்கள் யாவும் முன்போலவே நடைபெறுகின்றனவா என்று சோதித்தறிதல் இன்றியமையாததாகின்றது.

எக்சிம் என்னும் எடுத்துக்காட்டு

இத்துறையில் பெயர் பெற்ற மென்பொருள்களுள் ஒன்று எக்சிம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினிச் சேவை நிலையத்தில் பணியாற்றிய பிலிப் ஹேசல் என்பார் 1995ஆம் ஆண்டில் இதனை எழுதத் தொடங்கினார். இதன் மூல வரிகளை யாவரும் படிக்கலாம், திருத்தவும் செய்யலாம். பலரும் திருத்தும் மென்பொருளாதலின், ஒருவர் செய்த திருத்தம் மற்றொருவர் செய்த பகுதியைக் கெடுத்துவிடாமல் காத்தல் வேண்டும். இதன்பொருட்டு எக்சிமோடு ஒரு பெரிய சோதனைத் தொகுதியும் அமைந்துள்ளது. ஒவ்வொரு சோதனைக்கும் நான்கு இலக்க எண் உண்டு. பெர்ல் என்னும் கணினிமொழியில் எழுதப்பட்ட ஒரு நிரல், சோதனைகளை ஒன்றன்பின் ஒன்றாக நடத்தி, ஒவ்வொன்றிலும் கிடைத்த வெளியீட்டை முன்னரே சேமித்து வைத்த சரியான வெளியீட்டோடு ஒப்பிடுகின்றது. வழங்கி எழுதிய பதிவேடுகள், சேர்ப்பிக்கப்பட்ட கடிதங்கள், திரையில் வந்த சொற்கள் ஆகிய அனைத்தும் இவ்வொப்பீட்டுக்கு உட்படுகின்றன.

எவை மாறுகின்றன?

ஒரே சோதனையை இன்று ஒருமுறையும் நாளை ஒருமுறையும் நடத்தினால், வெளியீட்டில் எவை எவை வேறுபடும் என்று பார்ப்போம்.

முதலாவது, நேரம். பதிவேட்டின் ஒவ்வொரு வரியும் நாள், மணி, நிமிடம், நொடி ஆகியவற்றுடன் தொடங்குகின்றது. கடிதத்தின் தலைப்பிலும் நேரம் பொறிக்கப்படுகின்றது.

இரண்டாவது, கடிதத்தின் அடையாளக் குறி. எக்சிம் தான் ஏற்கும் ஒவ்வொரு கடிதத்திற்கும் ஒரு குறி இடுகின்றது. அக்குறி மூன்று பகுதிகளை உடையது. முதற்பகுதி, 1970ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து கழிந்த நொடிகளின் எண்ணிக்கை. இரண்டாம் பகுதி, அவ்வேளையில் இயங்கிய செயற்பாட்டின் எண். மூன்றாம் பகுதி, நொடியின் பின்னம். இவை யாவும் பத்து இலக்கங்களும் ஆங்கிலத்தின் பெரிய, சிறிய எழுத்துகளும் சேர்ந்த 62 குறிகளால் எழுதப்படுகின்றன. நெடுங்காலம் இக்குறி 16 எழுத்து நீளமுடையதாயிருந்தது. 2023ஆம் ஆண்டில் வெளிவந்த 4.97ஆம் பதிப்பில் 23 எழுத்தாக நீட்டப்பட்டது. நேரத்தையும் செயற்பாட்டு எண்ணையும் கொண்டு ஆக்கப்படுவதால், இது ஒருமுறை வந்ததுபோல் மறுமுறை வாராது.

மூன்றாவது, இடம். சோதனை நடத்துபவரின் கணினிப் பெயர், இணைய எண், பயனர் பெயர் ஆகியவை ஆளுக்கு ஆள் வேறுபடும். இவ்வேறுபாடு மற்றொரு வேறுபாட்டையும் உண்டாக்குகின்றது. கணினியின் பெயர் கடிதத் தலைப்பில் எழுதப்படுவதால், பெயர் நீண்டால் கடிதத்தின் அளவும் கூடுகின்றது. பதிவேட்டில் குறிக்கப்படும் அளவும் மாறிவிடுகின்றது.

நான்காவது, வரிசை. பல கடிதங்கள் ஒரே வேளையில் சேர்ப்பிக்கப்படும்போது எது முந்தும், எது பிந்தும் என்று கூற இயலாது.

ஐந்தாவது, துணை நூலகங்கள். மறைமொழியில் பேசுவதற்கு எக்சிமை ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் நூலகத்தோடும் இணைக்கலாம்; குனூடிஎல்எஸ் என்பதோடும் இணைக்கலாம். இவ்விரண்டும் ஒரே மறைமுறையை வெவ்வேறு பெயரால் அழைக்கின்றன.

இவற்றை அப்படியே விட்டால் ஒவ்வொரு சோதனையும் ஒவ்வொரு நாளும் "தவறு" என்றே முடியும். நூறு பொய்த் தவறுகளுக்கு நடுவே ஒரு மெய்த் தவறு இருப்பின் அதனை யார் கண்டுபிடிப்பர்? "புலி வருகிறது, புலி வருகிறது" என்று நாள்தோறும் கூவிய சிறுவனின் கதையை அறியாதார் இலர். பொய்க்கூக்குரலிடும் சோதனையும் அத்தகையதே. அது பயனற்றது மட்டுமன்று. காவல் இருக்கின்றது என்னும் வீண் நம்பிக்கையைத் தருவதால் தீங்கானதும் ஆகும்.

இரு வழிகள்

இதற்கு மருந்து இருவகைப்படும். ஒன்று, மாறுதல் பிறக்குமிடத்திலேயே அதனைத் தடுத்தல். மற்றொன்று, பிறந்தபின் வெளியீட்டில் அதனை மூடுதல். எக்சிமின் சோதனைத் தொகுதி இரண்டையும் கையாளுகின்றது.

முதல்வழிக்கு ஓர் எடுத்துக்காட்டு: அஞ்சல் வழங்கி ஒரு கடிதத்தை எங்கே அனுப்புவது என்று அறிய இணையத்தின் பெயரேட்டைக் கேட்கும். அப்பெயரேட்டில் உள்ளவை யாரோ ஒருவரால் எந்நேரத்திலும் மாற்றப்படலாம். ஆதலால் சோதனையின்போது மெய்யான பெயரேட்டுக்குப் பதிலாக ஒரு போலிப் பெயரேடு அமைக்கப்படுகின்றது. அது தன்னிடமுள்ள சில கோப்புகளைப் படித்து, கேட்ட கேள்விக்கு என்றும் ஒரே விடையைக் கூறும். மற்றோர் எடுத்துக்காட்டு: காத்திருக்கும் கடிதங்களை எக்சிம் பொதுவாக ஒழுங்கற்ற வரிசையில் எடுத்து அனுப்பும். வந்த வரிசையிலேயே எடுக்கும்படி கட்டளையிடவும் வழி உண்டு. அக்கட்டளையை இட்டால், அவ்விடத்தில் வரிசை மாறுதலுக்கு இடமே இல்லை.

இரண்டாம் வழியில், ஒப்பிடுமுன் வெளியீடு முழுவதும் ஒரு சல்லடையில் இடப்படுகின்றது. நேரம் எதுவாயினும் அது 1999ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள், காலை 9 மணி 44 நிமிடம் 33 நொடி என்று மாற்றி எழுதப்படும். பயனர் பெயர் இருக்குமிடத்தில் "அழைத்தவர்" என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல் இடப்படும். ஆதலின், எக்சிமின் சோதனைப் பதிவேடுகளைப் புரட்டுவோர்க்குக் கடிதங்கள் பலவும் ஒரே செவ்வாய்க்கிழமைக் காலையில், ஒரே நொடியில் வந்து போயினபோல் தோன்றும்!

மூடுவதில் உள்ள ஆபத்து

இங்குதான் மிகுந்த கவனம் வேண்டும். மாறுவனவற்றையெல்லாம் மூடிவிட்டால் சோதனை ஒருபோதும் தோற்காது. தோற்காத சோதனையால் அறியத்தக்கதும் ஒன்றுமில்லை.

அடையாளக் குறியை எண்ணிப் பாருங்கள். வருகின்ற குறிகளையெல்லாம் ஒரே குறியாக மாற்றிவிட்டதாகக் கொள்வோம். ஒரே பெறுநருக்கு இரண்டு கடிதங்கள் வருகின்றன. மென்பொருளில் உள்ள பிழையால் முதற்கடிதம் தொலைந்து, இரண்டாம் கடிதம் இருமுறை சேர்ப்பிக்கப்படுகின்றது. பதிவேட்டிலோ இரண்டு வருகைகளும் இரண்டு சேர்ப்புகளும் இருக்கும். குறிகள் ஒன்றாகிவிட்டபடியால் பதிவேட்டை ஒப்பிடும் கணினி "சரி" என்றே கூறும்.

இதனைத் தவிர்க்கும் வழி எளியது, நுட்பமானது. முதலில் காணும் குறிக்கு முதலாம் நிலைக்குறி என்றும், அதனின் வேறான குறி வந்தால் இரண்டாம் நிலைக்குறி என்றும் பெயரிடுதல் வேண்டும். முன் கண்ட குறி மீண்டும் வருமாயின், முன் இட்ட பெயரையே இடுதல் வேண்டும். அப்போது குறியின் எழுத்துகள் மறைந்தாலும், "இக்கடிதமும் அக்கடிதமும் ஒன்று" அல்லது "வேறு" என்னும் உறவு மறைவதில்லை. மேற்சொன்ன பிழை நேர்ந்தால், சேர்ப்பு வரிகள் இரண்டிலும் இரண்டாம் நிலைக்குறியே வந்து குற்றத்தைக் காட்டிக்கொடுக்கும். எக்சிமின் சல்லடை இவ்வாறே செய்கின்றது.

நேரத்தை மூடுவதிலும் இத்தகைய இழப்பு உண்டு. சேர்க்க இயலாத கடிதத்தை எக்சிம் உடனே கைவிடுவதில்லை. அதனோடு வரும் வழக்கமான அமைப்பின்படி, முதல் 2 மணி நேரம் வரை 15 நிமிடத்திற்கு ஒருமுறை முயலும். பின்னர் 16 மணி நேரம் வரை, 1 மணி நேரத்தில் தொடங்கி ஒன்றரை மடங்காகப் பெருகும் இடைவெளியில் முயலும். அதன்பின் 4 நாள்கள் நிறையும்வரை 6 மணி நேரத்திற்கு ஒருமுறை முயலும். எல்லா நேரங்களையும் ஒரே நேரமாக்கிய பதிவேட்டில் இவ்விடைவெளி சரியா, தவறா என்று அறிய இயலாது. ஆகவே, இடைவெளியைச் சோதிக்க வேறு சோதனை வேண்டும். அளவை மூடினாலும் அப்படியே. பதிவேட்டில் அளவு மறைக்கப்பட்டபடியால், கடிதத்தின் வால் அறுபட்டதா என்பதைச் சேர்ப்பிக்கப்பட்ட கடிதத்தையே ஒப்பிட்டு அறிதல் வேண்டும்.

வரிகளை அகரவரிசைப்படி அடுக்கி ஒப்பிடுதல் மற்றொரு முறை. ஒன்றோடொன்று தொடர்பில்லாத வரிகளுக்கு இது பொருந்தும். ஆனால் ஒரு கடிதம் வந்தபின்னரே சேர்தல் வேண்டும். சேர்ந்தபின்னரே "முடிந்தது" என்று எழுதப்படல் வேண்டும். இம்முறைமையை அடுக்குதல் அழித்துவிடும். ஆகவே, எங்கே வரிசை பொருளற்றதோ அங்கே மட்டும் அடுக்குதல் தகும்.

இறுதியாக ஓர் ஆபத்து மனிதரிடமே உள்ளது. வெளியீடு வேறுபட்டால் சோதனை நிரல் அவ்வேறுபாட்டைக் காட்டும். புதிய வெளியீட்டையே இனிச் சரியான விடையாகக் கொள்ளும்படி கட்டளையிடவும் அதில் வழி உண்டு. திருத்தம் வேண்டுமென்றே செய்யப்பட்டதாயின் அது முறையே. ஆனால் வேறுபாட்டைப் படித்துப் பாராமல் அக்கட்டளையை இடுபவர், மாணவன் எழுதிய பிழையான விடையை எடுத்து விடைத்தாளில் எழுதிக்கொள்ளும் ஆசிரியரை ஒப்பார். அன்று முதல் தவறே சரியாகிவிடும்.

சோதனையின் பயன்

2021ஆம் ஆண்டு மே மாதத்தில், எக்சிமில் 21 பாதுகாப்புக் குறைகள் இருந்தனவென்று குவாலிஸ் என்னும் நிறுவனம் வெளியிட்டது. அவற்றுள் 10 குறைகள் தொலைவிலிருந்தே தாக்குவதற்கு இடந்தருவன. அவற்றைத் தீர்க்கும் 4.94.2ஆம் பதிப்பு அப்போதே வெளியிடப்பட்டது. இதிலிருந்து இரு பாடங்கள் பெறலாம். ஒன்று, சோதனைத் தொகுதி எவ்வளவு பெரிதாயினும், எவரும் எண்ணிப் பாராத தவற்றை அது கண்டுபிடியாது. கேட்ட கேள்விக்கே அது விடை கூறும். மற்றொன்று, குறைகளைத் தீர்க்க மென்பொருளின் பல இடங்களில் ஒருங்கே கைவைக்க நேரும்போது, பிற செயல்கள் கெடவில்லை என்று விரைந்து அறிய, நம்பத்தக்க சோதனை வேண்டும். பொய்க்கூக்குரலிடும் சோதனை அந்நேரத்தில் கைகொடாது.

எனவே, சோதனை வெளியீட்டை ஒருசீராக்குதல் என்பது அழகுக்காகச் செய்யப்படுவதன்று. எது தற்செயலாக மாறுவது, எது மாறினால் தவறு என்று பகுத்தறிந்து, முன்னதை மட்டும் மூடிப் பின்னதைத் திறந்து வைப்பதே அதன் நோக்கம். ஒவ்வொரு மாறுதலையும் மூடுமுன், "இதனை மூடினால் எந்தத் தவறு கண்ணுக்குத் தெரியாமற் போகும்?" என்று கேட்டுக்கொள்ளுதல் வேண்டும். அக்கேள்விக்கு விடை கண்ட பின்னரே சல்லடையின் கண்ணை எவ்வளவு பெரிதாக்கலாம் என்பதை முடிவு செய்தல் தகும்.