உணவின் உருவில் வரும் நஞ்சு

மண்ணுள் மறைந்திருக்கும் மெல்லிய வேர்த்தூவிகளே மரத்திற்கு வாயாகும். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பற்சத்து முதலிய உணவுப் பொருள்களை அவை நீரோடு உறிஞ்சித் தண்டிற்கும் இலைக்கும் அனுப்புகின்றன. வேண்டுவனவற்றை ஏற்று வேண்டாதவற்றை விலக்கும் ஆற்றலும் வேருக்கு ஓரளவு உண்டு. அத்தகைய வேரையும் ஏமாற்றும் நஞ்சு ஒன்று உளது, அதுவே ஆர்சனிக். நம் நாட்டு மருத்துவர் வெள்ளைப் பாஷாணம் என்று வழங்குவது அதன் கூட்டுப் பொருள்களுள் ஒன்றாகும்.

இந்நஞ்சினால் மரங்கள் உற்ற துன்பத்தை அமெரிக்க நாட்டு வாஷிங்டன் மாநிலத்தின் வரலாறு காட்டும். அம்மாநிலம் ஆப்பிள் தோட்டங்களுக்குப் பெயர்பெற்றது. காட்லிங் என்னும் அந்துப்பூச்சியின் புழுக்கள் அக்கனிகளைத் துளைத்துக் கெடுத்தன. அவற்றைக் கொல்ல, ஈயமும் ஆர்சனிக்கும் சேர்ந்த ஈய ஆர்சனேட்டு என்னும் மருந்தைத் தோட்டக்காரர் தெளித்தனர். 1892-இல் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் வேறோர் அந்துப்பூச்சியை ஒழிக்கக் கையாளப்பெற்ற மருந்து அது. நாளடைவில் காட்லிங் புழுக்கள் அதனைத் தாங்கும் வன்மை பெற்றன. எனவே தெளிப்பும் பெருகிற்று. 1940-களின் பிற்பகுதியில் டி.டி.டி. என்னும் புதிய மருந்து பரவிய பின்னரே அவ்வழக்கம் குறைந்தது.

தெளித்த மருந்து எங்கே போயிற்று? மழையாலும் உதிர்ந்த இலைகளாலும் மண்ணைச் சேர்ந்தது. ஆர்சனிக் மட்கி அழியும் பொருள் அன்று. மண்ணிலுள்ள இரும்பு, அலுமினியக் கூட்டுப் பொருள்களைப் பற்றிக்கொண்டு பெரும்பாலும் மேல்மண்ணிலேயே அது தங்கிவிட்டது. ஆழ வேரோடிய முதுமரங்கள் அதன் கொடுமைக்குத் தப்பி நின்றன. அவற்றை அகற்றிய இடத்தில் நட்ட இளங்கன்றுகளோ வளர்ச்சி குன்றின. பீச், ஆப்ரிகாட் மரங்கள் இன்னும் மிகுதியாக வருந்தின. அவற்றின் இலையோரங்கள் கருகின. இலைகளில் துளைகள் தோன்றின. பருவத்திற்கு முன்னரே இலைகள் உதிர்ந்தன.

இதற்குக் காரணம் யாது? ஆர்சனேட்டு, மணிச்சத்தாகிய பாஸ்பேட்டை அமைப்பிலும் குணத்திலும் பெரிதும் ஒத்தது. பாஸ்பேட்டுக்கென வேர் திறந்து வைத்த வாயில் வழியே அதுவும் உட்புகுகின்றது. உயிரணுக்களில் ஆற்றலை ஏந்தி வழங்கும் பொருள் பாஸ்பேட்டைக் கொண்டே அமைவது. பாஸ்பேட்டின் இடத்தில் ஆர்சனேட்டு அமருமாயின் அப்பொருள் நிலைபெறாது சிதையும். செங்கல் வைக்கவேண்டிய இடத்தில் ஈர மண்கட்டியை வைத்தால் சுவர் நிற்குமோ? ஆற்றல் குன்றிய வேர் வளராது குறுகும், குறுகிய வேர் நீரையும் பிற சத்துக்களையும் போதிய அளவு ஈர்க்க மாட்டாது, இலை வெளிறும். இவ்வாறு, உணவு நிறைந்த மண்ணில் நின்றும் மரம் பசித்திருக்கும்.

அங்ஙனமாயின் மணிச்சத்து உரத்தை மிகுதியாக இடலாமே எனின், அதனையும் ஆராய்ந்தே செய்தல் வேண்டும். பாஸ்பேட்டு மிகுந்தால் வேரின் வாயிலில் ஆர்சனேட்டுக்கு இடம் குறையும் என்பது உண்மையே. ஆயினும், மண்ணில் ஒட்டியிருக்கும் ஆர்சனிக்கைப் பெயர்த்து நீரில் கலக்கச் செய்வதும் அவ்வுரமே. ஆதலால் மண்ணைச் சோதித்தறிந்து, நடுகுழியில் தூய மண்ணை நிரப்பிக் கன்று நடுதல் நலம். ஆர்சனிக்கைத் தன் இலைகளில் திரட்டிக்கொள்ளும் பெரணிச் செடி ஒன்றைப் பற்றி 2001-இல் அறிஞர் எழுதினர். அச்செடியை வளர்த்து, இலைகளை அறுத்து அகற்றினால் மண்ணின் நஞ்சு சிறிது சிறிதாகக் குறையும். ஆனால் அது பல்லாண்டுப் பணியாகும்.

ஈய ஆர்சனேட்டைப் பூச்சி மருந்தாகப் பயன்படுத்துவது அமெரிக்காவில் 1988-இல் முற்றும் விலக்கப்பட்டது. ஆயினும் அம்மண்ணில் முன்னர்ச் சேர்ந்த நஞ்சு நீங்கவில்லை. மருந்து தெளித்தவர் தீங்கு எண்ணியவர் அல்லர். தம் கனிகளைக் காக்கவே எண்ணினர். எனினும், தந்தை கனியைக் காக்கத் தெளித்தது மகன் நட்ட கன்றை வாட்டியது. மண்ணில் ஒன்றை இடுமுன், அஃது எத்தனை காலம் அங்கே தங்கும் என்று எண்ணிப் பார்த்தல் நம் கடமையன்றோ?