குருதி நோயும் உள்ளத் துயரும்

'தலசீமியா' என்னும் பெயர் நம் தோட்டப் புறங்களிற் பெரிதும் வழங்குவதன்று. கடலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்றும் பிறந்த அப்பெயர், குருதியிலுள்ள ஹீமோகுளோபின் செவ்வனே உருவாகாத பரம்பரை நோயொன்றைச் சுட்டும். இந்நோயாற் கடுமையாகப் பீடிக்கப்பட்ட பிள்ளை 3 அல்லது 4 வாரங்களுக்கு ஒருமுறை பிறர் குருதியை ஏற்றியே உயிர் வாழ்தல் வேண்டும். இலங்கையில் எக்காலத்தும் 2,000 பேருக்கு மேற்பட்டோர் இதற்குச் சிகிச்சை வேண்டி நிற்பர் என, 2000ஆம் ஆண்டு 'லான்செற்' இதழில் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. குருநாகலிலே இதற்கெனத் தேசிய நிலையமொன்றும் உண்டு.

நிற்க. நோயின் இயல்பை மருத்துவர் விரித்துரைப்பர். யான் கூறப் புகுந்தது அப்பிள்ளைகளின் உள்ளத்தைப் பற்றியதாம்.

ஏற்றும் குருதிப் பை ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 200 மில்லிகிராம் இரும்பு உண்டு. அதனை வெளியேற்றும் வழி உடம்புக்கு இல்லாமையால் அது ஈரலிலும் இதயத்திலும் சுரப்பிகளிலும் படியும். சுரப்பிகள் பழுதுறவே வளர்ச்சி குன்றும். பூப்பும் மீசையும் காலந் தாழ்க்கும். என் வகுப்பில் இத்தகைய மாணாக்கனொருவன் இருந்தான். பதினாறு வயதினன்; தோற்றத்திற் பத்து வயதினன். பேருந்திலே நடத்துநர் அவனுக்கு அரைச் சீட்டுக் கொடுப்பாராம். அவன் வலிந்து கேட்டு முழுச் சீட்டு வாங்குவானாம். யானோ அவனை முன் வாங்கில் இருத்திக் 'குட்டித் தம்பி' என்று அழைத்து வந்தேன். அன்பென்று யான் கருதியது அவனுக்கு முள்ளாயிருந்ததைப் பின்னரே அறிந்தேன்.

படிந்த இரும்பை நீக்கும் மருந்தை, வயிற்றுத் தோலின்கீழ் ஊசியேற்றி, சிறு கருவியொன்றால் இரவில் 8 முதல் 12 மணி நேரம், வாரத்தில் ஐந்து இரவுகளேனும் செலுத்துதல் வேண்டும். இக்காலத்தில் விழுங்கும் மாத்திரைகளும் உள. ஆயினும் ஊசி முற்றாக ஒழிந்திலது. அறுவர் படுத்துறங்கும் லயத்துக் காம்பராவில் அவ்வூசியை யார் கண்ணுக்கு மறைப்பது? பதினான்கு பதினைந்து வயதிற் பிள்ளைகள் பலர் மருந்தைக் கைவிடுகின்றனர். காண்போர் அதனைப் பிடிவாதம் என்பர். ஓரிரவேனும் நோயில்லாதவனாய் உறங்கிப் பார்க்கும் ஆசை அது என்பேன். ஆனால் கைவிட்ட மருந்துக்கு இதயமே விலை கொடுக்கின்றது.

தாயின் துயரம் வேறு. மருத்துவமனைக்குச் செல்லும் நாளில் அவளுக்குப் 'பேர்' இல்லை, கூலியும் இல்லை. அதனினும் கொடியது, 'உன் வயிற்றின் குறை' என்னும் பழிச்சொல். உண்மை யாதெனில், தந்தை தாய் இருவரும் இந்நோய்க் கூற்றைத் தம்முட் கொண்டிருந்தாலன்றிக் கடுமையான நோய் தோன்றாது. கொண்டிருப்போரோ நலமாகவே வாழ்வர். அத்தகைய இருவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வருதற்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. சொந்தத்துள் மணம் முடிக்கும் நம்மவரிடை இருவரும் அக்கூற்றையே கொண்டிருத்தல் எளிதிற் கூடும். மணத்துக்கு முன் ஒரு குருதிப் பரிசோதனை அதனைக் காட்டிவிடும். இந்நாட்டு நோயாளிப் பிள்ளைகளையும் பெற்றோரையும் பற்றி 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இரு சாராரிடத்தும் மனத்துயர் பிறரினும் மிகுந்திருத்தலைக் கண்டது.

அடுத்த தவணையில் அம்மாணாக்கனைப் பெயர் சொல்லியே அழைத்தேன். ஒத்த வயதினரோடு கடைசி வாங்கில் இருத்தினேன். கரும்பலகை தெரியவில்லை என்று அவன் ஒருநாளும் முறையிட்டானல்லன்.