பாரம் எந்தக் காலில்?

தாய் சி வகுப்பில் புதிதாகச் சேரப் போகிறவர் வாங்க வேண்டிய சாமான் ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆனால் கவனிக்கப் பழக வேண்டிய விஷயம் ஒன்று உண்டு, அது இந்தக் கணத்தில் தம் சரீரத்தின் பாரம் எந்தக் காலில் தங்கியிருக்கிறது என்பது. தவழும் பருவம் கழிந்த நாள்முதல் நின்றும் நடந்தும் வருகிற நமக்கு இந்தச் சிறிய கேள்விக்கு உடனே விடை சொல்ல வராது என்பதை, நாலு பேருக்கு முன்னால் கண்டு திகைப்பதைவிட, முந்தின வாரமே வீட்டில் கண்டுகொள்வது நல்லது.

சீனத்தின் ஹெனான் மாகாணத்தில் சென்ஜியாகோ என்னும் கிராமத்தில், சென் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகப் பயின்றுவந்த போர்க்கலை இது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே கற்றுத் தேர்ந்த யாங் லூசான் இதைப் பெய்ஜிங் நகருக்குக் கொண்டுபோனார்; அவருடைய பேரர் யாங் செங்ஃபூ, திடீர்ப் பாய்ச்சல்களையும் விசைகளையும் விலக்கி, எவரும் பயிலத்தக்க ஒரே சீரான நிதானத்தை இதற்கு அளித்தார். 1956இல் சீன அரசின் விளையாட்டுத் துறையினர் அந்த யாங் மரபிலிருந்து 24 அசைவுகளைத் தேர்ந்து அமைத்த சுருக்கமான வரிசையே இன்று ஆரம்ப மாணவர்களுக்குப் பெரும்பாலும் கற்பிக்கப்படுகிறது. முழுதும் செய்ய ஐந்தாறு நிமிஷங்கள் போதும். ஆயினும் முதல் வகுப்பில் நிற்பது, அடியெடுத்து வைப்பது, மிஞ்சினால் 'காட்டுக் குதிரையின் பிடரியை வகிர்தல்' என்ற அசைவின் தொடக்கம், இவ்வளவோடு பொழுது போய்விடும். ஆகையால் காணொளிகளைப் பார்த்து வரிசையை முன்னதாக மனப்பாடம் செய்துகொண்டு போவது வேண்டாத காரியம் என்பது என் திடமான அபிப்பிராயம். கைகளின் அழகு கண்ணில் படுமே தவிர, கால்களுக்குள் நடக்கும் வேலை படத்தில் தெரிவதில்லை.

அந்த வேலைதான் என்ன? சாதாரணமாக நாம் நடக்கும்போது, உடலை முன்னால் சாயவிட்டு, விழுவதற்குள் மறு காலை ஊன்றித் தடுத்துக்கொள்கிறோம். ஒவ்வோர் அடியிலும் சிறிது தூரத்தை நம் தசைகளின் உழைப்பின்றி, ஏற்கெனவே பெற்ற வேகமே கடத்திவிடுகிறது. தாய் சியின் அடியில் அந்தச் சலுகை கிடையாது. முழங்காலை இலேசாக மடக்கியபடி ஒரு காலில் முழுப் பாரத்தையும் நிறுத்திக்கொண்டு, மறு காலின் குதிகாலை, அதன்மேல் சிறிதும் பாரம் ஏற்றாமல் தரையில் வைத்து, வைத்த இடம் சரியென்று உறுதியான பின்னரே பாதத்தைப் படியவிட்டு, பாத்திரத்திலிருந்து பாத்திரத்துக்கு எண்ணெயை ஊற்றுவதுபோல் உடலின் கனத்தைச் சிறிது சிறிதாக அதற்குள் இறக்க வேண்டும். இடையில் எந்தக் கணத்தில் நிறுத்தச் சொன்னாலும் நின்றுவிட முடிய வேண்டும். முடியாவிட்டால் அது அடியன்று, வீழ்ச்சியே. வேகம் செய்துவந்த வேலையெல்லாம் இப்போது தொடையின் முன்புறத் தசைகளின் தலையில் விழுவதால், பார்வைக்குச் சாதுவான இந்த அப்பியாசத்தில் கால் மணி நேரத்துக்குள் கால்கள் நடுங்கத் தொடங்குகின்றன.

நிமிர்ந்து நிற்கும் மனிதனின் புவியீர்ப்பு மையம் தொப்புளுக்குச் சற்றுக் கீழே, இடுப்புக்கூட்டின் உட்புறத்தில் அமைந்திருக்கிறது. சீன ஆசான்கள் தாந்தியன் என்று பெயரிட்டு, மனத்தை இருத்தச் சொல்லும் இடமும் ஏறக்குறைய அதுவே. அந்த மையம் பாதங்கள் வளைத்த பரப்புக்கு மேலே இருக்கும்வரை விழமாட்டோம். அது எங்கே இருக்கிறதென்ற செய்தியை மூளைக்குத் தருபவை மூன்று: கண், உட்காதின் அரைவட்டக் குழாய்கள் முதலான உறுப்புகள், பாதத்தின் தோலிலும் தசைகளிலும் மூட்டுகளிலும் பரவியுள்ள உணர்வு நரம்புகள். கைக்கெட்டும் தூரத்தில் சுவர் இருக்க, ஒரு காலில் நின்று பாருங்கள். பிறகு கண்களை மூடுங்கள். கணுக்கால் ஓயாமல் இப்படியும் அப்படியும் திருத்திக்கொள்வதை அப்போது உணரலாம். வயது ஏற ஏற மங்கிவரும் இந்த உணர்வுக்கே தாய் சி வேலை கொடுக்கிறது. கனத்த மெத்தையடி கொண்ட ஓட்டக் காலணி அந்தச் செய்தியை மழுக்கிவிடும் என்பதால், மெல்லிய, தட்டையான அடி கொண்ட காலணியே உகந்தது.

இதன் பயனை வைத்திய உலகம் சோதித்தும் பார்த்திருக்கிறது. பார்க்கின்சன் நோயுற்ற 195 பேரை அமெரிக்காவின் ஓரிகனில் மூன்று குழுக்களாகப் பிரித்து, வாரத்துக்கு இரு முறை, ஒவ்வொரு மணி நேரமாக, 24 வாரங்கள் பயிற்சி அளித்து ஃபூசோங் லீ குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், தாய் சி பயின்றவர்களின் உடல் நிலைப்பாடு மற்ற இரு குழுவினரையும்விடத் தேறியிருந்தது. கீழே விழுவதும், உடலை நீட்டி வளைக்கும் பயிற்சி செய்தவர்களைவிட இவர்களிடம் குறைந்தது. ஆனால் தசைவலுப் பயிற்சி செய்தவர்களோடு ஒப்பிட்டால், விழுவதில் அத்தகைய தெளிவான வேற்றுமை காணப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நல்ல கலைக்கு மிகைப்புகழ் தேவையில்லை.

மற்றவை சுருக்கமானவை. இடுப்பும் முழங்காலும் தடையின்றி மடங்கும் தளர்ந்த உடை. வயிறு நிறைய உண்டு ஓரிரு மணி நேரமாவது கழிந்திருத்தல். மூட்டு மாற்றுச் சிகிச்சை, தலைச்சுற்றல், கர்ப்பம், இரத்த அழுத்த மருந்து எதுவாயினும் ஆசிரியரிடம் முதலிலேயே சொல்லிவிடுதல். மூச்சைப் பற்றி முதல் நாளில் ஒன்றும் செய்யாதீர்கள். அடக்காமல் இருந்தால் போதும். முழங்காலைப் பற்றி மட்டும் மிகுந்த ஜாக்கிரதை வேண்டும்: அது எப்போதும் கால் விரல்கள் நோக்கும் திசையிலேயே மடங்க வேண்டும், விரல் நுனியைத் தாண்டக் கூடாது, பாரம் ஏறிய காலின் முழங்காலைத் திருகக் கூடாது. மறுநாள் தொடை வலித்தால் அது உழைத்த தசையின் வலி, இரண்டொரு நாளில் போய்விடும். முழங்காலின் உட்புறம் வலித்தால் அடுத்த வகுப்பில் ஆசிரியரிடம் சொல்லி, அவர் கண்ணெதிரே அடியெடுத்து வைத்துக் காட்டி, இவ்வளவு தாழ்ந்து நிற்காமல் இன்னும் சற்று நிமிர்ந்து நின்று பயிலுங்கள். அதற்குப் பின்னும் வலி நீடித்தால் வைத்தியரைப் பார்க்கும்வரை வகுப்பை நிறுத்திவையுங்கள்.